சதுரங்கத்தில் ராணிகள் சீக்கிரமே வெட்டுப்பட்டால் ஆட்டம் டிராதானா? வெள்ளையால் ஜெயிக்க முடியாதா?

டிரா இல்லைங்க. போன வருடம் பவானியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த ஓப்பன் போட்டி. ஐந்தாவது சுற்றில் எனக்கு வெள்ளை. எதிரில் திருப்பூரிலிருந்து வந்த பத்தாம் வகுப்புத் தம்பி.

ரூய் லோபஸ் என்ற தொடக்கத்தை ஆடினேன். பி5 கட்டத்துக்கு வந்த பிஷப்பால் நான்காவது நகர்விலேயே சி6 குதிரையை வெட்டினேன், அவன் டி சிப்பாயால் திருப்பி வெட்டினான். அடுத்து என் சிப்பாயை டி4க்குத் தள்ளினேன். ஏழாவது நகர்வில் இரண்டு ராணிகளும் பலகையில் இல்லை.

இப்போது சிப்பாய்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ராஜா பக்கம் எனக்கு நாலு, அவனுக்கு மூன்று. ராணி பக்கம் எனக்கு மூன்று, அவனுக்கு நாலு. கணக்கு சமம்தான். ஆனால் அவனுடைய நாலில் இரண்டு சி வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக முடங்கி நிற்கின்றன. என் நாலும் ஒழுங்காக நடந்தால் அதில் ஒன்று தடையில்லாமல் முன்னேறிவிடும். அவனுக்கு அது லேசில் நடக்காது. பதிலுக்கு அவனிடம் இரண்டு பிஷப் இருக்கும், அது பெரிய பலம். அதனால்தான் வெள்ளை காய்களை ஒவ்வொன்றாக வெட்டிக் குறைக்கப் பார்க்க வேண்டும்.

1914இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் முன்னணியில் இருந்த கியூபா வீரர் கபாபிளாங்காவை அப்போதைய உலக சாம்பியன் லாஸ்கர் தோற்கடித்ததும் இதே தொடக்கத்தில்தான். முதல் ஏழு நகர்வுகள் இவைதான். அவர் எஃப்5க்குச் சிப்பாயைத் தள்ளி, இ6இல் ஒரு குதிரையைக் குடியேற்றி, 42 நகர்வில் முடித்தார். 1966 ஹவானா ஒலிம்பியாடில் அமெரிக்க வீரர் ஃபிஷர் டி4க்குப் பதில் காஸ்லிங் செய்து (ராஜாவை யானைப் பக்கம் ஒதுக்கி) இதே வகையை மறுபடி எடுத்து ஆடினார்.

சரி, என் ஆட்டத்துக்கு வருகிறேன். 31ஆவது நகர்வில் ஆளுக்கு ஒன்றாக மிஞ்சியிருந்த கடைசி யானைகளையும் அவனே பரிமாறி வெட்டிக்கொண்டு, "டிரா வெச்சுக்கலாங்களாண்ணா?" என்று கேட்டான். எனக்குக் கை நடுங்கியது. நகர்வை எழுதும்போது பேனா தாளில் இழுத்துக்கொண்டு போனது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ராஜாவை டி4இல் நிறுத்தினேன். ராணி பக்கச் சிப்பாய்களைத் தொடாமல், இ சிப்பாயை மெல்ல மெல்ல ஏற்றினேன். அதைத் தடுக்க அவன் ராஜா எதிரிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அவனுக்குச் சிப்பாய் நகர்வுகள் தீர்ந்ததும் அவன் ராஜாதான் விலக வேண்டும், என் ராஜா உள்ளே நுழைந்தது.

அப்புறம் இரண்டு பேரும் மண்டபத் திண்ணையில் பலகையை விரித்து மறுபடி வைத்துப் பார்த்தோம். அந்த யானையை வெட்டாமல் வைத்திருந்தால் கறுப்பு தாக்குப்பிடித்திருக்கும் என்று அவனேதான் கண்டுபிடித்தான்.