கிளிக்கு யார் கொய்யாப்பழம் வைப்பது?

அன்புள்ள ஐயா,

உங்கள் மாயாஜாலக் கதைகளை என் ஏழு வயது மகளுக்கு ராத்திரியில் வாசித்துக் காட்டுவது வழக்கம். நேற்று, மந்திரவாதியின் உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கிறது என்ற இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்தக் கிளிக்கு யாரும்மா சாப்பாடு வைக்கிறது?" பதில் தெரிந்தால்தான் தூங்குவாளாம். நீங்களே சொல்லிவிடுங்கள்.

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

முப்பது வருஷமாக மந்திரவாதிகளைக் கொன்றுதான் என் பிழைப்பு நடக்கிறது. இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

என் அத்தை வீட்டில் ஒரு பச்சைக்கிளி இருந்தது. கொய்யாப்பழம் வைத்தால் ஒரே கடி, மீதியைக் கீழே தள்ளிவிடும். பச்சை மிளகாயை மட்டும் ஒற்றைக் காலில் பிடித்துக்கொண்டு, விதை விதையாக ரசித்துத் தின்னும். (பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது.) தினமும் காலையில் கூண்டுக்கடியில் எச்சமும் குப்பையுமாகக் கிடக்கும் பேப்பரை எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் மாற்ற வேண்டும். ஒரு கல்யாணத்துக்குக்கூட அத்தை முழுசாக இரண்டு நாள் போனதில்லை.

மந்திரவாதி மட்டும் என்ன செய்வான்? வேலைக்காரனை அனுப்ப முடியாது, ரகசியம் போய்விடும். பூதத்தை அனுப்பலாமென்றால், அது கிளியையே தின்றுவிட்டால்? ஆக, அவனேதான் போயாக வேண்டும். தினமும் ஏழு கடல், ஏழு மலை. போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

இப்போதுதான் எனக்கே ஒன்று புரிகிறது. கதைகளில் அவன் பகலில் வீட்டில் இருப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? இளவரசன் வந்து இளவரசியோடு சாவகாசமாகத் திட்டம் போடுவான். சாயங்காலம்தான் இவன் "மனுஷ வாடை அடிக்கிறதே" என்று வந்து சேருவான். ஊரை அழிக்கப் போயிருந்தான் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். பாவம், மிளகாய் வைக்கப் போயிருக்கிறான்.

இத்தனைக்கும் நன்றாக வளர்த்தால்கூட பச்சைக்கிளிக்கு ஆயுசு இருபத்தைந்து, முப்பது வருஷம்தான். ஆமையைப் பிடித்திருக்கலாம். நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பதே குற்றம் வேறு. இளவரசியைக் கடத்திய வழக்கு வருவதற்குள் வனத்துறை வந்துவிடும்.

ருஷ்யக் கதைகளில் வரும் கொஷ்சேய் என்ற மந்திரவாதி கொஞ்சம் விவரமானவன். அவன் சாவு ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள். இதை உங்கள் மகளிடம் சொல்லிவிடாதீர்கள், முயலுக்குப் புல் யார் போடுகிறார்கள் என்று ஆரம்பிப்பாள். ஒரு கதையில், தன் சாவு வாசலில் கிடக்கும் துடைப்பத்தில் இருப்பதாக அவன் புளுகுவான். அவன் கடத்தி வந்த பெண் அதற்குத் தங்க முலாம் பூசி, ரிப்பன் கட்டி, மேசைமேல் எடுத்து வைப்பாள். அதைப் பார்த்துச் சிரித்தாலும் கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவான்.

நம் ஆளும் அப்படித்தான் உளறுகிறான். நாள் முழுக்க கடல் தாண்டிவிட்டு வருகிறவனிடம், ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் இவ்வளவு களைப்பாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்லாமல் என்ன செய்வான்?

சரி, குழந்தையிடம் இப்படிச் சொல்லுங்கள்: அவனே தினமும் போய்க் கொய்யாப்பழம் வைக்கிறான், தண்ணீரும் மாற்றுகிறான். அப்புறம், இளவரசன் கிளியின் கழுத்தைத் திருகுகிற பக்கத்தை இன்றைக்கு வாசிக்காதீர்கள்.