மாதம் 43 பிராங்தானே கூட?

கேள்வி: பேர்ன் நகருக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். வயது 44. உணவகச் சமையலறையில் வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில் பாதி நேர வேலை. 13, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். ஜூலையில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா (71) வருகிறார். அவரைப் பார்க்கக் கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும் வளர்ந்த இரண்டு பிள்ளைகளோடு வருகிறார்கள். அம்மாவுக்கு ஒரே ஆசைதான்: பனிமலையைப் பார்த்துக்கொண்டு மெல்ல நடக்க வேண்டும். முழங்கால் வலி, ஏற்றம் முடியாது. அத்தானோ கிரிண்டல்வால்ட் மலையூரில் ஐந்து இரவு ஹோட்டல் 4,800, யுங்ஃப்ரவ்யோக் மலை ரயில் 1,600, வாடகை வான் 1,100, சாப்பாடும் இதரமும் 1,500 என்று 9,000 பிராங்குக்குத் திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். ஊர்ப் பயணத்துக்காக, பழைய மீதியையும் சேர்த்து, 15 மாதங்களுக்கு முன் 15,000 பிராங் லோன் எடுத்தேன் (9.9 சதவீதம், 48 மாதம், தவணை 377). இன்னும் 11,000 இருக்கிறது. அதை 20,000 ஆக்கி 60 மாதமாக நீட்டினால் தவணை 420தான், 43 பிராங்தானே கூட என்றார் கடன் முகவர். கையெழுத்து வைத்து நான்கு நாளாகிறது. தூக்கம் வரவில்லை. நான் சுவிசுக்கு வர நகையை விற்றுக் காசு தந்தவர் அக்காதான். எப்படி மறுப்பது?

பதில்: மறுப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் தபாலகத்துக்குப் போங்கள்.

சுவிஸ் நுகர்வோர் கடன் சட்டப்படி, ஒப்பந்தப் பிரதி உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் அதை விலக்கிக்கொள்ளலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்த எண், தேதி, விலக்கிக்கொள்கிறேன் என்று ஒரு வரி, கையெழுத்து, அவ்வளவுதான். கடன் கொடுக்கும் வங்கிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முகவருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று நினைக்காதீர்கள், அவர் மறந்துபோவார். ‘என் வேலைக்குக் கூலி’ என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். கடன் ஏற்பாடு செய்ததற்காக வாடிக்கையாளரிடம் பணம் கேட்க அவருக்கு உரிமை கிடையாது.

இனி அந்த 43 பிராங். தவணையை மட்டும் பார்த்தால் அது சின்னத் தொகைதான், முகவர் காட்டியதும் அதை மட்டும்தான். பழைய கடனை அப்படியே விட்டால் இன்னும் 33 மாதத்தில் முடிகிறது: 33 × 377, ஏறக்குறைய 12,440. புதியது 60 × 420, அதாவது 25,200. வித்தியாசம் 12,760. கையில் வருவது 9,000, கொடுப்பது 12,760. ஐந்து இரவு விடுமுறைக்கு 3,760 பிராங் வட்டி. தவணை முடியும்போது உங்கள் மூத்த பிள்ளைக்கு 18 வயது.

உங்களைக் கெடுப்பது அத்தானும் இல்லை, யுங்ஃப்ரவ்வும் இல்லை. கடன் பாதி கரைவதற்குள் மறுபடி நிரப்பிக்கொள்கிற பழக்கம். 15,000லேயே பழைய மீதி இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதாவது ஒரு கடனைக்கூட நீங்கள் இதுவரை அடைத்து முடித்ததில்லை, ஒவ்வொன்றையும் அடுத்ததன் வயிற்றுக்குள் போட்டிருக்கிறீர்கள். வங்கிக்கு இப்படிப்பட்ட வாடிக்கையாளரை மிகவும் பிடிக்கும். இந்த 33 மாதத்தில் இதை ஒரு தடவை முடித்துப் பாருங்கள். டிசம்பரில் கூடுதலாக வரும் 13ஆம் மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை இதில் போடுங்கள். முன்கூட்டிக் கட்டினால், மிச்சக் காலத்து வட்டியைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

சரி, அம்மாவின் ஆசைக்கு வருவோம். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், மிகவும் மலிவான வரியும் அதுதான். மெல்ல நடப்பதற்கு ஹோட்டல் எதற்கு? பேர்னிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் லவுட்டர்புருன்னன் போய்விடலாம். அங்கே கேபிள் காரில் கிரூச்சால்ப் ஏறி, சிறு ரயிலில் முரன் போங்கள். கார் ஓடாத ஊர், 1,638 மீட்டர் உயரம். அங்கிருந்து ரயில் வந்த வழியே திரும்பி கிரூச்சால்ப் வரை நடந்தால் நாலரை கிலோமீட்டர் போல, பெரும்பாலும் மெல்லிய இறக்கம். எதிரே ஐகர், மோன்க், யுங்ஃப்ரவ் சிகரங்கள் மூன்றும் கூடவே வரும். நடுவில் வின்டரெக் நிலையம் இருக்கிறது, கால் மறுத்தால் அங்கே ரயில் ஏறிவிடலாம். என் மாமியாரோடு நான் நடந்த பாதை இது. நடைபாதை வழிகாட்டும் மஞ்சள் பலகையில் போட்டிருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு எங்களுக்கு ஆனது. பலகையில் போடும் நேரத்தில் இளைப்பாறல் சேராது. ஃபிளாஸ்கில் கொண்டுபோன தேநீர் வின்டரெக்கில் தீர்ந்தது, மாட்டு மணிச் சத்தம் கேட்டுக்கொண்டு அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பலகை வெறும் மஞ்சளாக இருக்கும் பாதையிலேயே அம்மாவைக் கூட்டிப் போங்கள். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு போட்டது மலைப்பாதை, அவருக்கு வேண்டாம்.

இன்னொரு நாளுக்கு லவுட்டர்புருன்னனிலிருந்து ஸ்டெஹெல்பெர்க் வரை பள்ளத்தாக்கின் அடியில் நடக்கலாம், கிட்டத்தட்டச் சமதரை. 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டவ்பாக் அருவி தொடக்கத்திலேயே வந்துவிடும். வழியில் மலைக்குள் விழும் ட்ரூம்மல்பாக் அருவிக்குக் கட்டணம் உண்டு, மழை நாளுக்கு அது நல்லது. லிஃப்ட் இருந்தாலும் ஈரப் படிகள் உண்டு, அம்மா வெளியே இருக்கட்டும். களைத்தால் மஞ்சள் பேருந்து. மூன்றாம் நாள் மென்லிஹன் மலையிலிருந்து கிளைன ஷைடெக் வரை ஒன்றரை மணி நேர நடை. ஏறிப் போகும் கேபிள் காருக்குத் தனியாகக் காசு வேண்டும்.

செலவு? கெமைண்டவில், அதாவது உங்கள் ஊராட்சி அலுவலகத்தில், விற்கும் நாள் பயணச்சீட்டைக் கேளுங்கள். முன்கூட்டி எடுத்தால் ஹால்ப்டக்ஸ் என்ற அரைக் கட்டண அட்டை உள்ளவருக்கு 39, இல்லாதவருக்கு 52 பிராங். உங்கள் இருவருக்கும் ஹால்ப்டக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 78, அம்மாவுக்கு 52, ஆக நாளுக்கு 130, மூன்று நாளுக்கு 390. முரன் வரைக்கும் அதே சீட்டுச் செல்லும். பெற்றோரோடு போகும் பிள்ளைகளுக்கு யூனியோர் என்ற சிறுவர் அட்டை போதும். அக்கா குடும்பத்துக்கு நாளுக்கு 208, அதை அவர்கள் போடட்டும். ரோல்ஸும் கட்லட்டும் வீட்டில் சுட்டால், கேபிள் கார், அருவிக் கட்டணம் எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் பங்கு ஆயிரத்தைத் தாண்டாது. இப்போது எல்லாரும் பேசும் ஹால்ப்டக்ஸ் பிளஸ், 800 கட்டினால் 1,000க்குப் பயணம், வருடம் முழுவதும் ரயிலில் ஓடுபவருக்கானது. மூன்று நாள் நடைக்கு அதை வாங்காதீர்கள். ‘இப்போது போ, பிறகு கட்டு’ என்று பயணச் செயலிகள் நீட்டுவதும் வேறு சட்டை போட்ட அதே லோன்தான்.

யுங்ஃப்ரவ்யோக் 3,454 மீட்டர். அங்கே காற்று மெலிவு, மருத்துவரிடம் கேட்காமல் அம்மாவை ஏற்றாதீர்கள். அத்தானுக்கு ஆசையென்றால் தாராளமாகப் போகட்டும், அவர் காசில். அக்காவின் நகைக்கு நீங்கள் பட்ட கடன் உண்மை. ஆனால் அவர் கேட்காததை, வட்டிக்கு வாங்கி, அத்தானின் ஹோட்டலுக்குக் கொடுப்பதால் அது எப்படித் தீரும்? முதலில் அக்காவிடம் தனியாகப் பேசுங்கள். லோன் இருப்பது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அத்தானுக்கு இப்படி எழுதலாம்: “அத்தான், தங்குவதும் சாப்பாடும் எங்கள் வீட்டில். மூன்று நாள் அம்மாவோடு மலையில் நடக்கிறோம், திட்டம் அனுப்பியிருக்கிறேன். யுங்ஃப்ரவ்யோக் போவதென்றால் உங்கள் நால்வருக்கும் சீட்டு எடுத்துத் தருகிறேன், காசை முன்னரே அனுப்பிவிடுங்கள்.” மன்னிப்பு, விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் பேரம் தொடங்கிவிடும்.

அம்மாவின் விசாவுக்கு 30,000 பிராங் வரை பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தால், அவருடைய பயணக் காப்புறுதியில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். காப்புறுதி கொடுக்காத மருத்துவமனைச் செலவு உங்களிடம்தான் வரும். கனடாக்காரர்களிடமும் காப்புறுதி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மலிவு நாள் சீட்டுகள் அளவாகத்தான் இருக்கும், ஜூலைக்கு வேகமாகத் தீரும், எடுத்தபின் மழை பெய்தாலும் காசு திரும்பாது. தபாலகத்திலிருந்து நேரே கெமைண்டவுக்குப் போங்கள். ஒவ்வொருவர் பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள், அம்மாவினுடையதைக் கடவுச்சீட்டில் இருப்பதுபோலவே எழுதிக்கொண்டு போங்கள்.