நார்விச் கோட்டையும் தேநீர்க் கெண்டிகளும்

அன்புள்ள ஐயா,

விடுமுறையில் இங்கிலாந்தின் நார்விச் கோட்டைக்குப் போயிருந்தோம். நார்மன் அரசர் காலத்து மண்டபத்தை அப்படியே மீட்டிருக்கிறார்கள், அசந்துபோனேன். ஆனால் பக்கத்து அறைகளில் தேநீர்க் கெண்டிகள், பாடம் செய்த பறவைகள், உள்ளூர் ஓவியர்களின் படங்கள். இவ்வளவு பெரிய கோட்டையை வட்டார அருங்காட்சியகமாகச் சுருக்க வேண்டுமா? கோட்டையாகவே விட்டிருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நார்மன் அரசர் முதலாம் ஹென்றி 1121 கிறிஸ்துமஸைக் கொண்டாடிய அரண்மனை உங்கள் மனதில் நிற்கிறது. ஆனால் பதினான்காம் நூற்றாண்டு முதல் 1887 வரை அது சிறைச்சாலை. வெளிச்சுவரின் கல்லே 1830களில் புதிதாகப் போர்த்தியது. சிறை காலியானதும் நகரம் அதை வாங்கி, 1894இல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

நீங்கள் ஏறிப்போன மேடு இயற்கைக் குன்று அல்ல, மண் கொட்டி எழுப்பியது. கோட்டைக்காக 98 வீட்டு மனைகள் போயின என்கிறது டூம்ஸ்டே பதிவேடு, அந்தக் காலத்து இங்கிலாந்தின் நில, சொத்துக் கணக்கு. ஊரை அடக்கிவைக்கக் கட்டிய கட்டடம் அது. பொதுநிலங்களை வேலிபோட்டு வளைத்துக்கொண்டவர்களை எதிர்த்து 1549இல் எழுந்த ராபர்ட் கெட்டை, ராஜத்துரோகி என்று இந்தக் கோட்டைச் சுவரில்தான் தொங்கவிட்டார்கள். 1949இல் நார்விச் மக்கள் அதே கோட்டையில் அவருக்கு ஒரு கல்வெட்டு வைத்தார்கள். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகவும், அவருக்கு மரியாதையாகவும் வைக்கிறோம் என்று அதில் வெட்டியிருக்கிறது. எனக்கு அரச மண்டபத்தைவிட அந்தக் கல்வெட்டுதான் பெரிது.

அங்கே ‘ஸ்பாங் மனிதன்’ இருக்கிறானே, பார்த்தீர்களா? ஐந்தாம் நூற்றாண்டு ஈமத்தாழி ஒன்றின் மூடி. ஒரு சாண் உயரம்கூட இல்லாத சுடுமண் உருவம், நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, இரு கைகளாலும் தலையைத் தாங்கியிருக்கிறது. கீழே இருந்தது யாரோ ஒருவருடைய சாம்பல். நார்விச் இருக்கும் நார்ஃபோக் வட்டாரத்து மண்ணில் கிடைத்த துக்கம் அது. அரசர் யாரும் சம்பந்தப்படவில்லை. நீங்கள் ‘உள்ளூர் ஓவியர்கள்’ என்று தாண்டிவந்தவர்களில் ஜான் குரோம் நார்விச் நெசவாளி ஒருவரின் மகன். இந்தச் சனங்களின் பொருள்களுக்கு அந்தக் கோட்டையைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே நினைக்கிறேன். தேநீர்க் கெண்டிகள் கொஞ்சம் அதிகம்தான், அதில் உங்கள் கட்சி.

அடுத்த முறை பிள்ளைகளோடு போனால், உள்ளே நுழையும் முன் கெட்டின் கல்வெட்டை அவர்களுக்கு முழுதாக வாசித்துக் காட்டுங்கள். அப்புறம் மண்டபத்துக்குப் போகலாம்.

அன்புடன்