கைடின் எச்-இன்டெக்ஸை நம்பிக் கடன் வாங்காதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்கிறார். மகள் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டார். ப்ராஜெக்ட், கெடிலம் ஆற்றோரக் குட்டைகளில் வளரும் கொசுப்புழுக்கள் பற்றி. மாமா ஒருவர் வெளியூர்த் தனியார் பல்கலைக்கழகத்தில், பெயர்பெற்ற புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரை கைடாக, அதாவது ஆய்வு வழிகாட்டியாகக் கொண்டு பிஎச்.டி. இடம் பேசி வைத்திருக்கிறார். அந்த கைடுக்குப் பத்து வருடத்தில் 400 பேப்பர் (ஆய்வுக் கட்டுரை), எச்-இன்டெக்ஸ் 52 என்கிறார் மாமா. வருடக் கட்டணத்துக்கு வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா?

வைக்காதீர்கள் ஐயா. உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் மாமா சொல்லும் எண் உங்கள் மகளைப் பற்றியது அல்ல.

எச்-இன்டெக்ஸ் 52 என்றால், 52 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர்கள் 52 இருக்கின்றன, அவ்வளவுதான். உழைத்தது யார் என்று அது சொல்லாது. பத்து வருடத்தில் 400 என்றால் ஒன்பது நாளுக்கு ஒரு பேப்பர். ஆய்வை வடிவமைத்து, எழுதித் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்க ஒருவருக்கு எங்கே நேரம்?

மகளையே உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். கூகுள் ஸ்காலரில் நம் ஊர்ப் பெயர்கள் இனிஷியலால் குழம்பும், ஒரே எஸ்.குமார் கணக்கில் நாலு பேருடைய பேப்பர் சேர்ந்திருக்கும். அதனால் ஆய்வாளரைத் தனியே அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண்ணை வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் கடைசி ஐந்து வருடப் பேப்பர்களைப் பார்க்க வேண்டும். மருத்துவ ஆய்வில் பெரும்பாலும் வேலையைச் செய்தவர் பெயர் முதலிலும், ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வரும். மாணவர் முதலில், கைடு கடைசியில் என்று எத்தனை இருக்கின்றன? நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே கைடு நிற்கும் பன்னாட்டுப் பேப்பர் ஒன்றே ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் (மேற்கோள்) வாங்கும். அதில் மாணவர் கற்றது ஒன்றுமில்லை. பிறர் ஆய்வுகளைத் தொகுத்து எழுதும் ரிவ்யூ பேப்பர்களும் எண்ணை ஊதிக் காட்டும். திரும்பப் பெறப்பட்டவை உண்டா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடலாம். இம்பாக்ட் ஃபேக்டரைக் காட்டி மயக்கினால், அது இதழின் முந்தைய இரண்டு வருடப் பேப்பர்களுக்கு வந்த சைட்டேஷனின் சராசரி. தனிப் பேப்பரின் தரம் அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியம் சோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் இணையதளம். அந்த கைடின் பெயரில் எத்தனை ஆய்வேடுகள் ஏறியிருக்கின்றன, பதிந்த வருடத்திலிருந்து முடிக்க எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள். பேப்பர் 400, ஆய்வேடு மூன்று என்றால் அங்கே போகவே வேண்டாம்.

இன்னொன்று. புற்றுநோய்த் துறையில் ஆய்வாளர் கூட்டம் பெரிது, சைட்டேஷனும் குவியும். கொசு ஆய்வில் கூட்டம் சிறிது, எண்ணும் சிறிது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது தவறு.

உங்கள் மகள் கொசுப்புழுவைத் தேடிக் குட்டைக்குள் இறங்கியவர். அவருக்கான இடம் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், புதுச்சேரி இந்திரா நகரில் இருக்கிறது: ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வி.சி.ஆர்.சி., அதாவது நோய்பரப்பிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். 1975 முதல் யானைக்கால், மலேரியா, டெங்கு பரப்பும் பூச்சிகளை ஆராயும் மையம். கொசுவுக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் வால்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஏடிஸ் கொசு வகைகளை உருவாக்கியதாக 2022-ல் அறிவித்தது இதுதான். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கீழ் பிஎச்.டி. செய்யலாம். வேலை கையால் கற்பது: பெண் கொசுவை அறுத்து யானைக்கால் புழுவைத் தேடுவது, பூச்சிக்கொல்லிக் குழாயில் 25 பெண் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்துச் செத்தவற்றை எண்ணுவது. 90 சதவீதத்துக்குக் கீழே செத்தால் மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது. குழாயில் ஈரப்பதம் குறைந்தால் கொசு வறண்டே சாகும், கணக்கு பொய்யாகும். மருந்தில்லாத குழாயில் எத்தனை செத்தன என்று பார்த்தால்தான் அது பிடிபடும். இந்த நுணுக்கம் கைவந்தவர் எழுதும் பேப்பர் சிறிய இதழில் வந்தாலும் நிற்கும்.

வழி சி.எஸ்.ஐ.ஆர். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வு, உயிர் அறிவியல் (லைஃப் சயின்சஸ்) தாள். அதில் ஜே.ஆர்.எஃப். எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வருடத்துக்கு 4,44,000 வாங்கிக்கொண்டு படிக்கலாம் என்றிருக்கும்போது, கட்டணம் கட்டிப் படிக்க வீட்டை வைப்பது கூடாது. ஒரே முயற்சியில் கிடைக்காமல் போகலாம். இரண்டு முயற்சிக்கு நேரம் கொடுங்கள். இடையில் ஐ.சி.எம்.ஆர். ப்ராஜெக்ட் வேலை அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கட்டும். ஒப்பந்த வேலைதான், ஆனால் கை பழகும்.

மாமாவிடம் முன்பணம் எதுவும் கொடுக்காதீர்கள். முதலில் அந்த கைடின் பழைய மாணவர் இருவரிடம் மகளே பேசட்டும்: முதல் பேப்பரை எழுதியது யார், உதவித்தொகை மாதாமாதம் வந்ததா, பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்.