கீரை ஆய நேரமில்லாத வீடு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 34 வயது. கொளத்தூரில் வாடகை வீடு. கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நான் தரமணியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கூல் விட்டதும் மாமியார் பார்த்துக்கொள்கிறார். பக்கத்துத் தெருவில்தான் அவர் வீடு.

இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், சிக்கனமாகவும் இருக்கிறோம். காபித்தூள் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் நோட்டில் கணக்கு எழுதுகிறேன். கணவர் ஞாயிறு விடியற்காலையில் கோயம்பேடு போய் வாரத்துக்கு வேண்டிய காய்கறியை வாங்கி வந்துவிடுவார். அப்படியும் மாதக் கடைசியில் கார்டைத்தான் தேய்க்கிறோம். காலை ஏழரைக்குக் கிளம்பினால், இரண்டு பஸ் மாறி ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீஸ். திரும்பி வர இரவு ஒன்பது. பாதி நாள் சமைக்கத் தெம்பில்லாமல் ஆன்லைனில் ஆர்டர். ஃபிரிட்ஜில் கீரை அழுகுகிறது. கரண்ட் பில் 530, 540 யூனிட் என்று வருகிறது. சம்பள உயர்வுக்காக லேட்டாக உட்காருகிறேன். வந்த உயர்வு எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

இப்போது வண்டலூர் தாண்டி ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். மாதம் 42,000 இ.எம்.ஐ., 20 வருடம். இந்த மாதத்துக்குள் புக் செய்தால் கார் பார்க்கிங் இலவசம் என்கிறார்கள். "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் சமாளித்துவிடலாம்" என்கிறார் இவர். இதற்கு மேல் எதை இறுக்குவது? நாங்கள் எங்கே தப்பு செய்கிறோம்?

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி,
கொளத்தூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஃபிளாட்டைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த அழுகிப்போகும் கீரை.

ஒரு கட்டு அரைக்கீரை இருபது ரூபாய் சொச்சம் இருக்கும். வாங்கி வருவதோடு வேலை முடிவதில்லை. பேப்பரை விரித்து உட்கார்ந்து, வேரைக் கிள்ளி, பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் களைந்து, மண் போக நாலு தண்ணீரில் அலசி, பூண்டும் சீரகமும் போட்டு வேகவைத்துக் கடைய வேண்டும். எப்படியும் முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரம் கையில் இருப்பவருக்குத்தான் கீரை இருபது ரூபாய். ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றுகிறவருக்கு, குப்பைக்குப் போகிற அந்த இருபது ரூபாயோடு ஆர்டர் போட்ட நானூறு ரூபாயும் சேர்ந்துகொள்கிறது.

உங்கள் வீட்டில் பணத்தைக் கரைப்பது ஆசை இல்லை, அசதி. நோட்டில் கணக்கு எழுதுகிறவர் நீங்கள். அதில் ஒரு மாதத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டம் போடுங்கள். அலுத்துப்போனதால் ஆன செலவு எதுவோ அதை அங்கே எழுதுங்கள். சமைக்க முடியாமல் வரவழைத்த சாப்பாடு, எழுந்திருக்க முடியாமல் பஸ்ஸை விட்டுவிட்டுப் பிடித்த ஆட்டோ, டப்பா கட்ட நேரமில்லாமல் கேன்டீனில் சாப்பிட்டது, வாரமெல்லாம் குழந்தையோடு இருக்க முடியவில்லையே என்ற குறையில் ஞாயிற்றுக்கிழமை மாலில் வாங்கிக் கொடுத்தது. லேட்டாக உட்கார்ந்து வாங்கிய சம்பள உயர்வு எங்கே போகிறது என்று கேட்டீர்களே, அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். உங்களைப் பொறுத்தவரை சிக்கனமாக இருப்பது எப்படி என்பதும், ஆபீஸிலிருந்து நேரத்துக்குக் கிளம்புவது எப்படி என்பதும் ஒரே கேள்விதான். இறுக்கிப் பிடிக்க இனி எதுவும் இல்லை. சாயங்காலத்தை மீட்க வேண்டும்.

அதற்கு முதலில், நேரத்தைத் தின்னும் சிக்கனங்களை விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு எழுந்து போவது நல்ல மனசால்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோயம்பேடு, கொத்தவால் சாவடியில் இடம் போதாமல் 1996-இல் மாற்றி அமைத்த மொத்த வியாபாரச் சந்தை. கல்யாணத்துக்கும் மெஸ்ஸுக்கும் அது சரி. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு அங்கே போனால், மலிவாக இருக்கிறதே என்று இரண்டு பங்காக வாங்கத் தோன்றும். புதன்கிழமைக்குள் பாதி வதங்கிவிடும். தெருவில் வரும் தள்ளுவண்டிக்காரரிடம் இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூட இருந்தாலும் எறிவது குறையும், உங்கள் வீட்டுக்காரருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்.

ஒரு தடவை செய்துவிட்டு மறந்துவிடக்கூடிய சிக்கனங்களைத் தேடிப் பிடியுங்கள். கரண்ட் பில் அதில் ஒன்று. நம் ஊரில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரைக்கும் சலுகை விலை. 500-ஐத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு விலை ஏறுவதோடு நிற்காது. அந்த 101 முதல் 200 வரைக்கான சலுகையும் போய்விடும். நீங்கள் 30, 40 யூனிட்டில் அதை இழக்கிறீர்கள். பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் அளவில் ஓடும். இரண்டு விசிறியை மாற்றி, நாளுக்கு 12 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 60 யூனிட்டுக்கு மேல் குறையும். 500-க்குக் கீழே வந்துவிடுவீர்கள். யாரும் வியர்வையில் தூங்க வேண்டாம்.

கார்டு விஷயத்தில் ஒன்றை நீங்கள் எழுதவில்லை: முழுப் பணத்தையும் கட்டுகிறீர்களா, மினிமம் டியூ மட்டுமா? மினிமம் டியூ என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை முடியுங்கள். மாதம் மூன்று, மூன்றரை சதவீதம் என்று சின்னதாகத் தெரிகிற வட்டி வருடத்துக்கு நாற்பதைத் தொடும். பாக்கி இருக்கும்வரை, புதிதாகத் தேய்ப்பதற்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். வங்கியில் இரண்டு வளையலை வைத்து நகைக்கடன் வாங்கி அதை அடைத்தால்கூட எவ்வளவோ மேல்.

இனி சாயங்காலம். கொளத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரம்பூரில் பக்கிங்காம் கர்னாடிக் மில் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பி அண்டு சி மில் என்றால் இன்றைக்கும் பெரியவர்களுக்குப் புரியும். அந்த மில் தொழிலாளர்களைக் கொண்டுதான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முயற்சி எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைமை ஏற்றார், திரு.வி.க. கூட நின்றார். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அவர்கள் எழுப்பிய ஆரம்பக் குறைகளில் ஒன்று, மதியம் சாப்பிட விடும் இடைவேளை போதவில்லை என்பது. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட நேரம் கேட்டார்கள். 1923 மே 1-ஆம் தேதி சிங்காரவேலர் இந்த ஊர்க் கடற்கரையில்தான் நாட்டின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நேரத்துக்குக் கிளம்புவது ஏதோ சலுகை கேட்பதுபோல உங்களுக்குத் தோன்றலாம். இந்த ஊரில் பெரியவர்கள் போராடி வாங்கி வைத்த நேரம் அது.

என் அப்பாவும் பெரம்பூர்ப் பக்கம் மில் வேலைக்குப் போனவர். சங்கு ஊதிய அரை மணியில் வீட்டுக்கு வந்துவிடுவார். சம்பளம் கொஞ்சம்தான். அந்தச் சம்பளத்தில் அம்மாவால் எங்களை வளர்க்க முடிந்ததற்கு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தது முக்கியமான காரணம். ஒருவர் ரேஷனுக்குப் போனால் இன்னொருவர் உலை வைக்கலாம். அப்பா சைக்கிளுக்குத் தானே பஞ்சர் ஒட்டுவார். பள்ளிச் சீருடையில் கிழிந்ததை அம்மா அன்றைக்கே தைத்துவிடுவார். காசு கொடுத்துச் செய்ய வேண்டியதையெல்லாம் அந்தச் சாயங்காலம் செய்துகொடுத்தது.

உங்களுக்கு அது எப்படிக் கிடைக்கும்? நீங்கள் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் என்பதால் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். உங்கள் வேலையில் எந்த நாள் நெருக்கும் என்பது முன்கூட்டியே தெரியும். 7-ஆம் தேதி டி.டி.எஸ்., 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், மாதக் கடைசி க்ளோசிங், பிறகு மார்ச். அந்த நாட்களில் லேட்டாக உட்கார்ந்து முடித்துக்கொடுங்கள். மற்ற நாட்களில் ஆறு மணிக்குக் கிளம்புவேன் என்று மேனேஜரிடம் தேதிவாரியாக எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்ததை மறுக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும், பெரும்பாலும் காரணம் இருக்காது.

பஸ்ஸை விட்டு ரயிலுக்கு மாறிப் பாருங்கள். வில்லிவாக்கத்திலிருந்து சென்ட்ரல், எதிரே நடந்துபோய் பார்க் டவுனில் பறக்கும் ரயில், திருவான்மியூரில் இறக்கம். தரமணி டைடல் பார்க் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். மத்திய கைலாஷ் பக்கம் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டிருக்க வேண்டாம். எத்தனை மணிக்கு வீட்டில் இருப்போம் என்பது தெரிந்திருக்கும், சமைக்க நினைப்பவருக்கு அது பெரிய விஷயம். சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் நீங்கள் இரண்டு நாள் ஷேர் ஆட்டோவுக்கும் ஆர்டருக்கும் கொடுப்பதில் மாதம் ஓடிவிடும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குச் சாதாரண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது.

இன்னொன்று, மனம் கோணாமல் படியுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கொளத்தூர் கிட்டத்தில்தான். உங்கள் வீட்டுக்காரர் உங்களுக்கு வெகுநேரம் முன்பே வந்துவிடுவார். கடிதம் முழுக்க, சமைக்கத் தெம்பில்லாமல் போகிறவர் நீங்கள் மட்டும்தான். அவர் கீரை ஆயலாம். உலை வைக்கலாம். விடியற்காலையில் கோயம்பேடு போகிற மனிதருக்கு, சாயங்காலம் அடுப்பங்கரைக்குள் போவது பெரிய காரியமாக இருக்காது. கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மால் வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, பறக்கும் ரயிலிலேயே போகலாம். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை.

இப்போது ஃபிளாட். 42,000-ஐ 240 மாதத்தால் பெருக்கினால் ஒரு கோடியே எண்பதாயிரம் ரூபாய். அதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு. வண்டலூர் தாண்டிப் போனால் தரமணியும் தூரம், அம்பத்தூரும் தூரம், மாமியாரும் தூரம். மகளைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும். அதோடு, 20 வருடத் தவணையைத் தலையில் வைத்துக்கொண்டு எந்த மேனேஜரிடமும் ஆறு மணிக்குக் கிளம்புகிறேன் என்று உங்களால் சொல்ல முடியாது. ஆறு மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருந்தால் சொல்ல முடியும். சேமிப்பின் முதல் வேலை அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். சொந்த வீடு அதற்குப் பிறகு.

ஒன்று செய்யுங்கள். 42,000-இல் இப்போது கொடுக்கும் வாடகையைக் கழித்து, மீதியை ஆறு மாதம் ரெக்கரிங் டெபாசிட்டில் போட்டு வாருங்கள். கார்டைத் தொடாமல் அதைச் செய்ய முடிந்தால் மறுபடி பேசலாம். அப்போதும் இரண்டு பேருக்கும் போய்வர முடிகிற இடமாகப் பாருங்கள். இலவச கார் பார்க்கிங்குக்காக இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போடாதீர்கள். பில்டர் அட்வான்ஸ் கேட்டு நெருக்கினால், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படி ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது என்பது நினைவிருக்கட்டும். அந்தத் திட்டத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அவர் எதிரிலேயே தேடிப் பாருங்கள்.

அன்புடன்.