செடி உறிஞ்சிய உலோகம் எங்கே போகும்?

உலோகம் படிந்த மண்ணைச் செடிகளாலும் நுண்ணுயிர்களாலும் மீட்பது குறித்து வந்த கேள்விகளுக்கு மண்ணியல் துறையில் பணியாற்றும் நான் எழுதும் பதில்கள் இவை.

கேள்வி: வாணியம்பாடி அருகே எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம். பல ஆண்டுகள் தோல் பதனிடும் கழிவுநீர் பாய்ந்தது. இப்போது கடலைகூட வருவதில்லை. குரோமியத்தை உறிஞ்ச எந்தச் செடியை நடலாம்?

பதில்: ஐயா, குரோமியத்தை உறிஞ்சி இலைக்கு ஏற்றி, அறுத்து அப்புறப்படுத்தும்படி தரக்கூடிய செடி உங்கள் வயலுக்கு இல்லை. தோல் பதனிடப் பயன்படுவது பெரும்பாலும் மூவிணைதிறக் குரோமியம் என்ற, நீரில் எளிதில் கரையாத வடிவம். அது மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் எடுக்கும் சொற்பமும் வேரிலேயே தங்கிவிடும்.

ஆனால் பயிர் வராததற்குக் குரோமியம்தான் காரணமா? பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். அத்தனை உப்பும் கழிவுநீரோடு வயலுக்குத்தான் வந்திருக்கும். மண் பரிசோதனையில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறனையும் சோடியத்தையும் கேட்டு வாங்குங்கள். சோடியம் மிகுந்திருந்தால் ஜிப்சம் இட்டு, வடிகால் வெட்டி, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அதுவரை உப்பைத் தாங்கும் சவுக்கு நடலாம். வரப்போரம் வெட்டிவேர் வையுங்கள். ஆழ இறங்கி, உலோகம் ஏறிய மண் மழையோடு ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: இராணிப்பேட்டையில் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதும் குரோமியம்தானே?

பதில்: அது வேறு வகை. 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அங்கே விட்டுச் சென்றது. அதிலிருந்து கசிவது அறுவிணைதிறக் குரோமியம். நீரில் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். நுண்ணுயிர்கள் உண்மையில் கைகொடுப்பது இங்கேதான். நிலத்தடியில் வெல்லப்பாகு போன்ற உணவைச் செலுத்தினால், அங்கேயே வாழும் பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். பிறகு குரோமேட்டுக்கு, அதாவது நீரில் கரைந்த அறுவிணைதிறக் குரோமியத்துக்கு, எலக்ட்ரானைக் கொடுத்து அதை மூவிணைதிறனாக மாற்றும். மாறியது கரையாமல் படிந்துவிடும். ஆனால் கழிவுக்குவியலிலேயே இதைச் செய்துவிட முடியாது. அதன் காரத்தன்மை பெரும்பாலான உயிர்களுக்கு ஆகாது. குவியலை அகற்றாமல், அல்லது மழைநீர் புகாமல் மூடாமல், சுற்றுப்புற நீரை மட்டும் சுத்தம் செய்தால் ஒவ்வொரு மழைக்கும் நஞ்சு திரும்ப இறங்கும். அந்த ஊர் மக்கள் இத்தனை காலம் காத்திருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: ஆர்செனிக்கை உறிஞ்சும் பெரணி இருக்கிறதாமே? எத்தனை ஆண்டில் நிலம் சுத்தமாகும்?

பதில்: இருக்கிறது. டெரிஸ் விட்டாட்டா என்று பெயர். வெட்டிய மரம் கெடாமலிருக்க ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய ஃபுளோரிடா நிலமொன்றில் செழித்து வளர்ந்த அதன் திறனை 2001இல் வெளியிட்டார்கள். உலர்ந்த இலையில் கிலோவுக்கு 20 கிராமுக்கு மேல் ஆர்செனிக் சேரக்கூடும். மண்ணில் ஆர்செனிக் இருக்கும் ஆர்செனேட்டின் வடிவம், செடிக்கு உணவான பாஸ்பேட்டை ஒத்திருப்பதால், வேர் அதைப் பாஸ்பேட் என்றே உள்ளே இழுக்கிறது.

காலத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். ஓர் ஏக்கரில் மேல்மண் 15 செ.மீ. ஆழத்துக்குச் சுமார் 900 டன். கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஆர்செனிக் என்றால் மொத்தம் 45 கிலோ. அதை 20 மில்லிகிராமுக்குக் குறைக்க 27 கிலோவை வெளியே எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு டன் உலர்ந்த இலை, கிலோவுக்கு 2 கிராம் என்று வைத்தால் ஆண்டுக்கு 2 கிலோதான் வெளியேறும். பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகள்! அறுத்த இலை நச்சுக்கழிவு. பாதுகாப்பான கிடங்குக்குப் போக வேண்டும். உரக்குழியில் போட்டால் ஆர்செனிக் வயலுக்கே திரும்பிவிடும்.

கேள்வி: ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் அழிக்கும் நுண்ணுயிர் என்று பாக்கெட்டில் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். எண்ணெயைப் பாக்டீரியா தின்று தீர்க்கும். ஈயம் தனிமம், அதை எந்த உயிரும் அழிக்க முடியாது. இடம் மாற்றலாம், வடிவம் மாற்றலாம், அவ்வளவுதான்.

கேள்வி: இப்படிப்பட்ட நிலத்தில் வளர்ந்த வெட்டிவேர்த் தழையை ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: வெட்டிவேர் உலோகத்தைப் பெரும்பாலும் வேரில்தான் வைத்துக்கொள்ளும், தழையில் குறைவு. இருந்தாலும் ஒரு கட்டுத் தழையைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு நல்லபடி வந்த பிறகு போடுங்கள். அப்போதும் அறுத்து, அலசித்தான் போட வேண்டும். மேயவிட்டால் ஆடு தழையோடு அந்த மண்ணையும் சேர்த்துத் தின்னும்.