சிறுநீர் அமிலமாக இருந்தால் கார உப்புத் தூள் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு மாதமாக ஓயாத அசதி. உடலில் அமிலம் கூடிவிட்டது என்று நண்பர் சொன்னதால் அமில-கார அளவைக் காட்டும் பி.எச். தாளில் சிறுநீரைச் சோதித்தேன்; 5.5 காட்டியது. பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் கலந்த கார உப்புத் தூள் வாங்கி வைத்திருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறேன். தூளைத் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

பி.எச். அளவில் 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம். நீங்கள் அளந்தது சிறுநீரை. அது 4.5 முதல் 8 வரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். காலையில் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று. புரதம் செரித்து முடிந்ததும் மிஞ்சும் அமிலத்தைச் சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளுகிறது. 5.5 என்றால் அந்த வேலை நடக்கிறது என்று பொருள். ரத்தத்தின் கதையே வேறு. அது 7.35-க்கும் 7.45-க்கும் இடையில், அந்தக் குறுகிய சந்துக்குள்ளேயே நிற்க வேண்டும். சற்றே அமிலம் கூடினாலும் மூச்சு வேகமெடுத்து, கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்றிச் சில நிமிடங்களில் ஈடுகட்டப் பார்க்கும். சிறுநீரகம் மெதுவாக, நாள் கணக்கில், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சேமித்து மீதியைச் சரிசெய்யும். ரத்தம் உண்மையிலேயே கடுமையாக அமிலமானால் மூச்சு வாங்கும், வாந்தி வரும், நினைவு குழம்பும். அது மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை, தூள் கரைத்துக் குடிக்கும் நிலை அல்ல.

சரி, தூளைக் குடித்தால் என்ன ஆகும்? சிறுநீர்த் தாளின் நிறம் மாறும். ரத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனென்றால் மிஞ்சிய காரத்தையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். நிறம் மாறியதைப் பார்த்து 'வேலை செய்கிறது' என்று நம்பிவிடுகிறோம்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் ராமிப்ரில். அது உடலில் பொட்டாசியத்தைத் தங்க வைக்கும் மாத்திரை. லோசார்டான், டெல்மிசார்டான், ஸ்பைரனோலாக்டோன் ஆகியவையும் அப்படித்தான். அதன் மேல் பொட்டாசியத் தூளும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். சிறுநீரகம் கொஞ்சம் பழுதுபட்டிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். அந்தப் பழுதோ வெகுநாள் வெளியே தெரியாது. தூளுக்குப் பதில் சமையல் சோடா கரைத்துக் குடிக்கலாமே என்று தோன்றினால் அதுவும் கூடாது: ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது, ரத்த அழுத்தக்காரருக்கு அது ஆகாது.

கார மருந்துகளுக்கு மருத்துவத்தில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் பைகார்பனேட் குறைந்தவர்களுக்குச் சோடா மாத்திரை கொடுக்கிறோம். யூரிக் அமிலக் கல் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் கல்லைக் கரைக்கவே உதவும். ஆனால் அங்கேயும் அளவு பார்த்துத்தான். சிறுநீர் மிதமிஞ்சிக் காரமானால் கால்சியம் பாஸ்பேட் கல் உருவாகத் தோதாகிவிடும்.

இனி உங்கள் அசதி. ஆறு மாத அசதியை அமிலத்தின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம், பைகார்பனேட் எல்லாவற்றையும் ஒரே தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாம். தூக்கத்தில் குறட்டை உண்டா என்று வீட்டில் கேளுங்கள், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூள் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள், அதில் எவ்வளவு பொட்டாசியம் என்று அவர் பார்க்கட்டும். ஒருவேளை ஏற்கெனவே குடிக்கத் தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, பொட்டாசியம் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளுங்கள். கைகால் தளர்ச்சியோ படபடப்போ இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.